ஆகஸ்டு மாதத்து மெகாங்

நெகடிவ்களில் பூஞ்சை பிடித்திருக்கிறது.
ரங்கூனில் பிடிக்கவில்லை.
ஹனோயின் ஜனவரித் தூறலில் பிடிக்கவில்லை.
டாக்காவில் ஓட்டல் கட்டிலுக்கடியில்
முழங்கால் தண்ணீர் நின்ற வாரத்திலும் பிடிக்கவில்லை.
கொரடாச்சேரியில், உரக்கடை மாடியில்,
இரண்டே ஐப்பசியில் பிடித்துவிட்டது.

முப்பத்தெட்டு வருஷம், ஆறு கேமரா.
அதில் ஒன்று ஐராவதியில் முழுகியது.
எடுத்து வெயிலில் திறந்து வைத்தபோது
உள்ளேயிருந்து ஒரு மீன்குஞ்சு விழுந்தது.
சொன்னால் யாரும் நம்புவதில்லை.
நீங்களும் நம்ப வேண்டாம்.

அரிசி டின்களில் உறை உறையாக ஆசியா.
சிலிகா பொட்டலம் தீர்ந்து
துணியில் பொரி முடிந்து போட்டேன். எறும்பு வந்தது.
சமர்கண்டின் முலாம்பழக்காரிகள் மேல்
வரிசை குலையாமல் ஊர்ந்து போனது.

"இத்தனை ஊர் போனீங்களே,
நம்ம பக்கம் ஒண்ணும் எடுக்கலையா?"
வீட்டுக்கார அம்மா கேட்டாள்.
எடுக்கவில்லை என்றேன்.
நாற்பது டாலர் கொடுத்து இந்த ஊரை வாங்க
எவனும் இல்லை என்பதைச் சொல்லவில்லை.

போன செவ்வாய் போர் மோட்டார் நின்றது.
ஃப்யூஸ் பார்க்க மாடிக்கு ஏறிய பக்கிரிசாமி
கிளிப்பில் தொங்கிய ஒரு படத்தின் முன்
ஸ்குரூடிரைவரும் கையுமாக நின்றுவிட்டான்.
வரப்பு தெரியாத வெள்ளம். கரை.
குனிந்து டீசல் இஞ்சினைச் சுற்றும் ஒருவன்,
முதுகு மட்டும்.

"இது நம்ம பாண்டவையாத்துக் கரையில்ல?"

மெகாங், என்றேன். கன் தோ. தொண்ணூற்றொன்று.
ஒசாகாவில் ஒரு டிராக்டர் கம்பெனியின் காலண்டரில்
ஆகஸ்டு மாதமாகத் தொங்கிய படம்.

"மேகமோ கோங்கோ, அது எனக்குத் தெரியாது மேடம்.
இந்தப் புல்லிக்கு வெல்டு வச்சது நான்.
மூணு எடம். மூணாவது கோணிப்போச்சு,
ஓனர் பிடரியிலயே போட்டாரு.
அப்ப எனக்குப் பன்னண்டு வயசு."

லூப்பை வைத்துப் பார்த்தேன்.
மூன்று தழும்பு.
மூன்றாவது கோணல்.

அவன் கீழே போனதும் ரீலை வெளிச்சத்தில் பிடித்தேன்.
ஒன்று முதல் பத்தொன்பது வரை
மிதக்கும் சந்தை, பூசணிக் குவியல்,
படகின் மூக்கில் சிவப்பாய்த் தீட்டிய கண்கள்.
இருபதில் படகு உண்டு, கண் இல்லை.
இருபத்தொன்றைப் பூஞ்சை தின்றுவிட்டது.
இருபத்திரண்டு, இந்த முதுகு.

அந்த வருஷம்தான் அப்பாவின் அடக்கம்.
தந்தி என்னைத் தேடி மணிலா போய்
சைகோன் திரும்பியது.
குழி மூடிய மறுநாள் வந்து சேர்ந்தேன்.
மூன்று நாள் இருந்தேன்.
கேமராவைப் பையிலிருந்து எடுத்ததே ஞாபகமில்லை.

அண்ணன் செபஸ்தி என்னோடு பேசி
அப்போதே ஒன்பது வருஷம்.
சாவு வீடென்று சம்பா காத்திருக்குமா?
வயலில் நின்ற தண்ணீரை
வெளியே இறைக்க வந்திருப்பான்.

"இந்தப் பக்கம் பாருங்க."
இதை நான் பர்மியத்தில் சொல்வேன்,
வங்காளத்தில், கெமரில், உஸ்பெக்கில்.
வியட்நாமியத்தில் ஏற்ற இறக்கம் பிசகி
வேறென்னவோ சொல்லிவிட, பரிசல் துறையே சிரித்தது.
அந்தச் சிரிப்புக்குத்தான் முதல் பரிசு.

அன்று கரையில்
தமிழில் நான் சொல்லவில்லை.
இஞ்சின் இன்னும் பிடிக்காத நேரம்,
ஷட்டர் சத்தம் அவன் காதில் விழுந்திருக்கும்.
அவனும் திரும்பவில்லை.

கஜா புயலுக்கு முந்தின வருஷம் போய்ச் சேர்ந்தான்.
அண்ணி அனுப்பிய கார்டில் இருந்தது
ஆதார் அட்டைப் படம்.
அதில் நேராகத்தான் பார்க்கிறான்,
என்னையல்ல.

வேலை முடித்து எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டு
பக்கிரிசாமி தலையைச் சொறிந்தான்.
"ஒரு காப்பி குடுத்தீங்கன்னா பட்டறையில மாட்டுவேன்.
ஆளு யாருன்னு பின்னாடி எழுதிடுங்க."

எழுதினேன்: செபஸ்தி. பாண்டவையாறு.
வருஷம் மட்டும் முன்பே சரியாக இருந்தது.

வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்து,
திருப்பி என்னிடமே நீட்டினான்.

"வெல்டிங், பக்கிரிசாமின்னும் போடுங்க."

போட்டேன்.